பெருந்தொற்றுக் காலத்தில் நீலகிரி மாணவர்களும் ‘இணைய அடிமைத்தனம்’ என்னும் அளவுகோலும்

இணையத்திற்கு அடிமையாதல் ஒரு நோய்நிலை என்னும் கருத்தை உளவியலாளர் கிம்பர்லி யங் 1996ஆம் ஆண்டு டொராண்டோவில் கூடிய அமெரிக்க உளவியல் சங்க மாநாட்டில் முன்வைத்தார். பின்னர் அவர் வகுத்த இருபது வினாக்கள் கொண்ட அளவுகோல் இந்திய ஆய்வுகளிலும் பரவலாகக் கையாளப்படுகிறது. தொலைபேசிக் கம்பிவழி இணையம் பெற்ற காலத்தின் படைப்பு அது. அன்று படிப்பு ஓரிடத்திலும் இணையம் வேறோரிடத்திலும் இருந்தன. ஒன்றில் செலவிட்ட நேரம் மற்றொன்றுக்கு இழப்பு என்று கொள்வது பொருந்தியது.

2020 மார்ச்சில் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் மூடப்பட்டதும் அப்பிரிவினை மறைந்தது. வகுப்பே இணையத்துள் புகுந்தது. உதகை அரசு கலைக் கல்லூரி போன்றவற்றில் பயின்றோருள் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளும் இருந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்கு வேலை தரும் பொருட்டு அரசு வளர்த்த தேயிலைத் தோட்டங்கள் (இன்றைய டான்டீ) கூடலூர், பந்தலூர் முதலிய பகுதிகளில் உள்ளன. காடும் சரிவும் சூழ்ந்த அங்குள்ள லைன் வீடுகள் பலவற்றில் அலைபேசிச் சிக்னல் சீராகக் கிடைப்பதில்லை. சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறவேண்டும். வீட்டில் ஒரே திறன்பேசி எனில் முறை வரும்வரை காத்திருக்கவேண்டும். இத்தகைய வீட்டில் படிப்பைக் கெடுத்தது இணையம் அன்று, இணையம் கிடைக்காமையே. அளவுகோலோ இணையத்தால் உறக்கம் கெடுகிறதா என வினவுகிறது. நள்ளிரவில் பாடக்கோப்பைப் பதிவிறக்கிய மாணவியும் விளையாட்டில் மூழ்கிய மாணவனும் அதற்கு ஒரே விடையைத் தரக்கூடும்.

விளையாட்டால் விளைந்த கேடு கற்பனையன்று. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தமிழ்நாடு அரசு 2020 நவம்பரில் அவசரச் சட்டத்தால் தடைசெய்தது. அதே அரசு 2021 ஜனவரியில், சுமார் 9.69 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரவு இலவசமாக வழங்கப்படும் என அறிவித்தது. இதனை முரண் என்பது எளிது. ஆயினும் அரசு தடுத்தது ஒருவகைப் பயன்பாட்டையே. பயன்படுத்தும் நேரத்தை அன்று. மொத்த மதிப்பெண்ணை மட்டும் நோக்கும் ஆய்வில் இவ்வேறுபாடு புலப்படாது. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் எண்ணிம விளையாட்டுக் கோளாற்றையே சேர்த்தது. பொதுநிலையில் ‘இணைய அடிமைத்தனம்’ அதில் தனி நோயாக இடம்பெறவில்லை.

ஆகவே 2020–21இல் மலைத்தோட்ட மாணவர் ஒருவர் பெற்ற மதிப்பெண்ணை அவரது வீட்டில் எத்தனை கருவிகள் இருந்தன, சிக்னல் எந்த நேரங்களில் எட்டியது, அந்நேரத்தில் அவர் என்ன செய்தார் என்பவற்றுடன் இணைத்தே படிக்கவேண்டியுள்ளது.