நந்தன் கொடுத்த தோலும் நம் கோவில் பறையும்

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்திற்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 45 கிலோமீட்டர். இந்தச் சிறிய தொலைவுக்குள் மீனவர் குப்பங்கள் உள்ளன; ஐரோப்பிய வணிகர் வந்திறங்கிய பழைய துறைமுகம் உள்ளது; பரங்கிப்பேட்டையின் பள்ளிவாசல்கள் உள்ளன; ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கிடக்கும் சிற்றூர்கள் உள்ளன. முடிவில் தில்லைக் கூத்தனின் கோபுரங்கள் நிற்கின்றன. இத்தனை வகை மக்கள் வாழும் மண்ணில், அனைவரும் கூடி நிகழ்த்தும் கலை மனிதரை ஒன்று சேர்க்கும் என்று இன்று பலரும் நம்புகின்றனர். நம் பங்குகளிலும் பண்பாட்டு விழாக்கள் பெருகியுள்ளன. கலை உண்மையிலேயே ஒன்று சேர்க்கிறதா? எப்போது சேர்க்கிறது, எப்போது சேர்ப்பதுபோல் தோன்றச் செய்துவிட்டுப் போகிறது? இந்த வினாவிற்கு நம் பகுதியின் வரலாறே விடை வைத்திருக்கிறது.

முதலில் நந்தனாரிடம் செல்வோம். கொள்ளிடக் கரையிலிருந்த ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த இவரைப் பற்றிச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் பாடுகிறார். நந்தனாரின் தொண்டு என்னவென்றால், சிவாலயங்களின் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும் வாரும் கொடுத்தல், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தல். இந்தச் செய்தியை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் கொடுத்த தோல் கோவிலுக்குள் முழங்கியது. கொடுத்தவரோ வாயிலுக்கு வெளியே நின்றார். இறுதியில் அவர் தில்லைக்குள் சென்றபோதும் தீயில் மூழ்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்த பின்னரே செல்ல முடிந்தது என்கிறது புராணம்.

பல நூற்றாண்டுகள் கழிந்து, கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையை நந்தனார் சரித்திரக் கீர்த்தனையாக விரித்துப் பாடினார். 1860களின் தொடக்கத்தில் அந்நூல் அச்சேறியது. புராணத்தில் இல்லாத வேதியர் என்னும் பண்ணையாரை அவர் படைத்துச் சேர்த்தார். அதனால் பண்ணையடிமையின் துயரம் கேட்போர் நெஞ்சைத் தொட்டது. கதாகாலட்சேபமாகவும் நாடகமாகவும் அது தமிழகமெங்கும் பரவியது. 1935ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் கே.பி. சுந்தராம்பாளும், 1942ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்தனர். மக்கள் கண்ணீர் மல்கக் கேட்டனர், கண்டனர். அந்தக் கண்ணீர் பொய்யானது என்று நாம் கூறவில்லை. ஆனால் நந்தனைப் பாடியவர்களும் நடித்தவர்களும் பெரும்பாலும் நந்தனின் சேரியைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஒடுக்கப்பட்டவர் பாட்டின் பொருளாக இருந்தார், பாடுகிறவராக இல்லை. 1916ஆம் ஆண்டில் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் ஒரு பள்ளியைத் தொடங்கியபோதுதான், சேரிப் பிள்ளைகள் அந்தப் பெயரைத் தம் சொந்தப் பெயராக ஏந்தும் வாய்ப்புப் பெற்றனர்.

அடுத்து, பழைய தென்னார்க்காட்டின் தெருக்கூத்தைப் பார்ப்போம். திரௌபதி அம்மன் விழாக்களில் பகலில் பாரதம் படிப்பார்கள். இரவில் கூத்து நடக்கும். அர்ச்சுனன் தபசு, துரியோதனன் படுகளம், தீமிதி என்று ஊரே மேடையாகிவிடும். பார்க்க வந்தவர் என்றும் நடிக்க வந்தவர் என்றும் கோடு கிழிக்க முடியாத கலை அது. செஞ்சிப் பகுதியின் திரௌபதி கோவில்களில் முத்தால ராவுத்தன் என்னும் இசுலாமியர் ஒருவர் காவல் தெய்வமாக நிற்பதையும் காண்கிறோம். வேற்றுச் சமயத்தவரையும் தன் வட்டத்திற்குள் நிறுத்திக்கொள்ளும் விரிவு அந்தக் கலைக்கு இருந்தது. எனினும் எல்லா விரிவும் ஓரிடத்தில் வந்து நின்றது. யார் எந்தப் பணியைச் செய்ய வேண்டும் என்பதைச் சாதி முறையே வகுத்தது. விழாவை அறிவிக்கும் பறை சேரியிலிருந்து வரவேண்டும். பறையடித்தவர் விருந்தில் ஒதுங்கியிருக்க வேண்டும். ஊரே பங்கெடுத்தது என்பது உண்மை. ஆனால் ஊர் எப்படிப் பிரிந்திருந்ததோ அப்படியே பங்கெடுத்தது.

இதைச் சொல்லும்போது பிற சமயத்தாரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. நம் வீட்டுக் கதையும் வேறல்ல. வீரமாமுனிவர் இன்றைய கடலூர் மாவட்டத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குத் தமிழ்ப் பெண்ணின் கோலம் தந்தார். இறைநம்பிக்கை இம்மண்ணின் உடையையும் மொழியையும் ஏற்றது குறித்து நாம் பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமை நியாயமானதே. ஆனால் அவர் வாழ்ந்த காலத்திலேயே புதுச்சேரியின் சம்பா கோவிலில் சாதிக் கிறிஸ்தவரையும் பறையர் கிறிஸ்தவரையும் பிரிக்கும் சுவர் ஒன்று நின்றது. ஆனந்தரங்கப் பிள்ளை 1745ஆம் ஆண்டு அக்டோபர் மாத நாட்குறிப்பில் இதைப் பதிவு செய்துள்ளார். காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவரின் தூண்டுதலால் பறையர் கிறிஸ்தவர்கள் பெரிய குருவிடம் சென்று, நாங்களும் உம்முடைய சீடர்கள்தாமே என்று முறையிட்டனர், சுவர் அகற்றப்பட்டது. ஆனால் பிணக்கு அத்துடன் அகலவில்லை என்பதையும் அதே நாட்குறிப்பு காட்டுகிறது. பகைமைச் சுவரைக் கிறிஸ்து தம் உடலில் தகர்த்தார் என்று பவுலடியார் எபேசியருக்கு எழுதியதை வாசித்த ஆலயத்திலேயே இது நிகழ்ந்தது. பண்பாட்டை ஏற்றுக்கொள்வது எளிது. அந்தப் பண்பாடு ஒதுக்கி வைத்தவரை ஏற்றுக்கொள்வது கடினம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டது. இறைமக்கள் அனைவரும் முழுமையாகவும் உணர்வோடும் செயலளவிலும் வழிபாட்டில் பங்குபெற வேண்டும் என்று அது கேட்டது. மக்களின் சொந்த இசை மரபுகளுக்கு உரிய மதிப்பளிக்கவும், தகுதியான பிற இசைக்கருவிகளை ஏற்கவும் வழி திறந்தது. நம் ஆலயங்களில் வீணையும் மிருதங்கமும் விரைந்து நுழைந்தன. பறை மட்டும் நெடுங்காலம் வெளியே காத்திருந்தது. தமிழ் இசை என்று நாம் சொன்னபோது எந்தத் தமிழரின் இசையை எண்ணிச் சொன்னோம்?

இந்த வினாவை உரக்கக் கேட்டவர்களுள் தென்னிந்தியத் திருச்சபையின் போதகர் தியோபிலஸ் அப்பாவு முதன்மையானவர். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி, 2005ஆம் ஆண்டு மறைந்த அவரை மாணவர் ‘பரட்டை’ என்றே அறிவர். கிராமிய மெட்டுகளில் முழு வழிபாட்டு முறையையே அவர் அமைத்தார். தம் பாடல்களைத் தாம் எழுதியபடியே பாட வேண்டும் என்று அவர் கட்டளையிடவில்லை. பாடுகிற மக்கள் தம் வாழ்வுக்கேற்பச் சொற்களை மாற்றிக்கொள்ளட்டும் என்றார். அனைவரும் ஒரே உலையில் பொங்கி உண்பதே அவர் இறையியலின் மையம். பாட்டும் சோறும் அவருக்குத் தனித்தனியானவை அல்ல.

திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையம் இன்னொரு படி முன்னே சென்றது. ஆண்களே அடித்துவந்த பறையைத் தலித் இளம்பெண்கள் கையிலெடுத்தனர். ஆட்டத்தோடு கல்வியும் தொழிற்பயிற்சியும் பெற்றனர். செங்கடலைக் கடந்தபின் கையில் கஞ்சிரா ஏந்தி ஆடிய மிரியாமை நாம் அறிவோம். விடுதலை பெற்றவர் தம் கையாலேயே கொட்டினார். வேறொருவர் அவருக்காகக் கொட்டவில்லை.

இங்கு ஓர் எதிர்க்குரலையும் நாம் மதித்துக் கேட்க வேண்டும். சாவு வீட்டில் கட்டாயமாக அடிக்கவைக்கப்பட்ட அந்தக் கருவியை மீண்டும் எங்கள் தோளில் மாட்டாதீர்கள் என்று கூறும் தலித் பெரியவர்கள் உண்டு. பறையடிக்க மறுத்ததற்காகத் துன்புறுத்தப்பட்ட ஊர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அடிமைப் பணியாக அடித்த பறைக்கும், விரும்பி எடுத்துப் பழகி அடிக்கும் பறைக்கும் ஓசை ஒன்றுதான். அடிப்பவரின் நிலை வேறு. அடிப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுடையதாக இருந்தால் மட்டுமே அது கலை.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க நமக்கு உரிமையில்லை. 2008ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் நம் உயர்மறைமாவட்டத்தின் எறையூரில், சவ ஊர்வலப் பாதை முதலாகத் தொடர்ந்த வேறுபாடுகளும், தலித் கிறிஸ்தவர் தனிப்பங்கு கேட்டதும் மோதலாக வெடித்தன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஒரே மறையினர், ஒரே செபமாலையைச் சொல்பவர்கள். பறை முழக்கம் பத்து நிமிடம் விழா மேடையில் ஒலிப்பதால் மட்டும் இத்தகைய காயம் ஆறிவிடாது.

ஆகவே, பங்கில் பாஸ்கா நாடகமோ கலைவிழாவோ திட்டமிடும்போது சிலவற்றை நாம் கேட்டுக்கொள்வோம். எந்தக் கதையை நடிப்பது என்று முடிவு செய்த கூட்டத்தில் யார் யார் அமர்ந்திருந்தனர்? கிறிஸ்துவாகவும் மரியாவாகவும் நடிக்கும் வாய்ப்பு எல்லாத் தெருவினருக்கும் கிடைக்கிறதா? அல்லது சிலருக்கு எப்போதும் படைவீரர் வேடமும் பந்தல் வேலையும் மட்டுமா? ஒத்திகை எந்தத் தெருவில் நடக்கிறது? ஒத்திகை முடிந்தபின் அனைவரும் ஒரே பந்தியில் உண்கிறார்களா?

கடைசி இரண்டு கேள்விகளில் தொடங்குவது நலம். இவ்வாண்டுத் தவக்காலத்தின் முதல் ஒத்திகையை ஆலய வளாகத்தில் வைக்காமல், இதுவரை யாரும் ஒத்திகைக்குச் செல்லாத தெருவில் வைப்போம். அங்கேயே உலை ஏற்றி, அந்தத் தெருவினர் பரிமாற, நாம் அனைவரும் அமர்ந்து உண்போம்.