ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் இறக்கமும் ஏற்றமும்

வென்றவர்களின் வரலாறே வரலாறாக எழுதப்பெற்று வருகிறது என்னும் குறை அரசியலுக்கு மட்டும் உரியதன்று, விளையாட்டுக்கும் உரியது. 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய செய்தியை நம்மிற் பலர் படித்திருப்போம். பட்டியலின் உச்சியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதன் அடிவரிசை தெரிவதில்லை. அந்த அடிவரிசைக்குச் சரிந்து, மீண்டும் ஏறி வந்த ஒரு கழகத்தின் கதையை இம்மலருக்குத் தருகிறேன். கரும்பும் கவிதையும் விளையும் எறையூருக்குக் கல்கத்தாக் கால்பந்து எங்ஙனம் வந்தது என்று வட்டத்து நண்பர்கள் வினவலாம். சிறு ஊரில் ஒரு வட்டத்தைப் பத்தாண்டுகள் கட்டிக் காத்தவர்களுக்கு இக்கதை அயலாகத் தோன்றாது என்பதே என் விடை.

முதலில் விளையாட்டின் ஒழுங்கு பற்றிச் சில சொற்கள். லீக் ஆட்டத்தில் அணிகள் பிரிவு பிரிவாக நிற்கும். ஆண்டின் இறுதியில் மேற்பிரிவின் கடைசியில் நிற்போர் கீழிறங்குவர். கீழ்ப்பிரிவின் முதல்வர் மேலேறுவர். இங்கிலாந்தில் இவ்விதி தானாகவே செயற்படும் முறை 1898-இல் வந்தது. கல்கத்தா லீக் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இரு பிரிவுகளுக்கும் இடையே கிடக்கும் அந்த ஒற்றைக் கோட்டைப் பந்து மட்டுமே வரைகிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அவ்வளவு எளியதன்று.

1915-ஆம் ஆண்டைப் பாருங்கள். ஐரோப்பாவில் போர் மூண்டு எட்டு மாதங்கள் கடந்திருந்தன. மான்செஸ்டர் யுனைடெட் அணி கீழிறங்கும் விளிம்பில் நின்றது. ஏப்ரல் 2, பெரிய வெள்ளியன்று, அவ்வணி லிவர்பூலைத் தன் ஆடுகளத்தில் சந்தித்து 2-0 என வென்றது. இரு கோல்களையும் அடித்தவர் ஜார்ஜ் ஆண்டர்சன். ஆனால், அதே 2-0 என்னும் முடிவின் மீது பந்தயக்காரர்களிடம் பெருந்தொகைகள் கட்டப்பட்டிருந்தன என்பது பின்னர் வெளிவந்தது. இரு அணி வீரர்கள் சிலர் முன்னரே பேசிவைத்து ஆடியிருந்தனர். விசாரணையின் முடிவில் எழுவருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பெற்றது. கழகத்துக்குத் தண்டனை இல்லை. அவ்வாண்டு மான்செஸ்டர் பெற்ற புள்ளிகள் 30, செல்சீ 29, டாட்டன்ஹாம் 28. வெற்றிக்கு இரண்டு புள்ளி என்பது அக்கால வழக்கு. அந்த ஓர் ஆட்டத்தின் இரண்டு புள்ளிகள் இல்லாதிருப்பின் மான்செஸ்டரின் கணக்கு 28 ஆகியிருக்கும். மேல்நிலை தப்பியிருக்குமா என்பது ஐயமே. தடை பெற்ற சாண்டி டர்ன்புல் 1917 மே 3-இல் பிரான்சு நாட்டு அராஸ் போர்க்களத்தில் மாண்டார். பிறர் தடை 1919-இல் நீங்கியது. ஈனாக் வெஸ்ட் ஒருவருக்கு மட்டும் 1945 வரை நீடித்தது. தடை நீங்கியபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது!

போருக்குப்பின் 1919-இல் முதற்பிரிவை 22 அணிகளாக விரித்தனர். செல்சீ பிழைத்துக்கொண்டது. மீதமிருந்த ஓரிடத்தை, கீழ்ப்பிரிவில் முதலிடம் பெறாத ஆர்சனலுக்கு வாக்கெடுப்பால் அளித்தனர், டாட்டன்ஹாம் கீழிறங்கிற்று. ஆகவே சூதாட்டமும் போரும் வாக்குச்சீட்டுமாகச் சேர்ந்தே அந்தக் கோட்டை வரைந்தன எனலாம். இவற்றோடு ஆள்வோர், ஆளப்படுவோர் என்னும் வேறுபாடும் சேர்ந்தால் என்னாகும் என்பதைக் கல்கத்தாவில் காண்கிறோம்.

கிழக்கு வங்கத்திலிருந்து பிழைப்புக்கும் படிப்புக்கும் கல்கத்தா வந்தவர்களை நகரத்தார் 'பாங்கால்' என்று எள்ளுவர். பேச்சுவழக்கும் உணவும் வேறு. நகரவாழ்வுக்குப் புதியவர் என்னும் இளக்காரம் வேறு. 1920 ஜூலை 28 அன்று மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் ஜோராபாகன் கழகம், கிழக்கு வங்கத்தவரான சைலேஷ் போஸ் என்னும் வீரரைச் சேர்க்காது விட்டது. அக்கழகத்தின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி காரணம் கேட்டார். தக்க விடை கிட்டவில்லை. வெளியேறினார். நான்கே நாளில், ஆகஸ்டு முதல் தேதி, ஈஸ்ட் பெங்கால் கழகம் பிறந்தது. ஒரு வீரரை விலக்கியதற்கு மறுமொழியாக ஒரு நூற்றாண்டைக் கடந்து நிற்கும் கழகம் எழுந்தது!

இரண்டாம் பிரிவில் ஆடி வளர்ந்த அக்கழகம் 1924-இல் மேற்செல்லும் தகுதியை ஆடியே பெற்றது. அங்கே குறுக்கே நின்றது ஒரு விதி: முதற்பிரிவில் இந்தியக் கழகங்கள் இரண்டுக்கு மேல் இருத்தல் கூடாது. அவ்விரு இடங்களிலும் மோகன் பகானும் ஆரியனும் இருந்தன. விதியை நீக்குவது பற்றிய வாக்கெடுப்பில் வெள்ளையர் கழகங்கள் இசைந்தன என்றும், எதிர்த்தவை அந்த இரு இந்தியக் கழகங்களே என்றும் ஈஸ்ட் பெங்கால் தரப்பு வரலாறு கூறுகிறது. புண்பட்டவர் எழுதும் வரலாறு என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஆயினும், குறுகிய வாயிலில் முன்னரே நுழைந்தவர் பின்வருபவரைக் கண்டு அஞ்சுவது உலகியல்பே. வாயிலைக் குறுக்கியவர் வேறு என்பதை அவ்வச்சம் மறைத்துவிடுகிறது. விதி நீங்கியது. 1925-இல் முதற்பிரிவு. அவ்வாண்டு மே 28 அன்று நேபாள் சக்ரவர்த்தி அடித்த ஒரே கோலால் மோகன் பகானை வென்றனர்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1928-இல் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிற்று. கல்கத்தாவில் வாழ்ந்த கிழக்கு வங்கத்தாருக்கு இது ஓர் ஆட்டக் கழகத்தின் இறக்கம் மட்டுமன்று. இடம் கிடைக்காதிருந்த ஊரில் கிடைத்த ஒரே இடமும் பறிபோயிற்று. மான்செஸ்டரார் தேடிய குறுக்குவழியை இவர்கள் தேடியதாக நான் எங்கும் படித்ததில்லை. இறங்கினர், இறங்கிய இடத்தில் ஆடினர்.

1930 வந்தது. ஏப்ரல் 13 அன்று இராஜாஜி நம் திருச்சியிலிருந்து வேதாரணியம் நோக்கி உப்பெடுக்கப் புறப்பட்டார் என்பதை இவ்வட்டாரத்தார் நன்கறிவர். அதே இயக்கத்தின் அலை கல்கத்தா மைதானத்தையும் தொட்டது. இந்தியக் கழகங்கள் ஆட்டங்களைப் புறக்கணித்தன. லீக் பாதியில் நின்றது. இரண்டாம் பிரிவில் அப்போது முன்னணியில் நின்றது ஈஸ்ட் பெங்கால். மேலேற்றம் மறுக்கப்பட்டது. நாட்டுக்காக நிறுத்திய ஆட்டம், ஏறவேண்டிய கழகத்தைக் கீழேயே நிறுத்திவைத்தது. இதில் யாரை நோவது? உப்பெடுத்தவரை நோவது தகாது. வெகுண்ட அன்பர்களையும் நான் குறைகூற மாட்டேன். அவர்கள் தீப்பந்தம் ஏந்தி மைதானத்துக்கு ஊர்வலம் சென்றனர் என்பதும், கழகச் சின்னத்திலுள்ள தீப்பந்தம் அவ்விரவில் பிறந்தது என்பதும் கழகத்தார் போற்றிவரும் மரபு.

தீப்பந்தம் அவர்களை மேலேற்றவில்லை. 1931-இல் மறுபடியும் ஆடி, இரண்டாம் பிரிவை வென்றே ஏறினர். 1932-இல் முதற்பிரிவில் கால்வைத்த ஆண்டிலேயே, டர்ஹாம் இலகு காலாட்படை அணிக்கு அடுத்ததாக இரண்டாமிடம் பெற்றனர். 1933-இலும் அதே அணிக்கு அடுத்த இடமே. இதற்கிடையில் கீழ்ப்பிரிவிலிருந்து ஏறிவந்த முகமதன் ஸ்போர்டிங் 1934-இல் லீக்கை வென்று, அப்பெருமை பெற்ற முதல் இந்தியக் கழகமாயிற்று. தொடர்ந்து ஐந்தாண்டுகள் எவர்க்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஈஸ்ட் பெங்கால் தன் முதல் லீக் பட்டத்துக்கு 1942 வரை காத்திருந்தது.

1949-இல் அக்கழகம் லீக், கேடயம், ரோவர்ஸ் கோப்பை மூன்றையும் ஒருங்கே வென்றபோது முன்வரிசையில் நின்றவர்கள் வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகியோர். கல்கத்தா மக்கள் அவர்களைப் 'பஞ்ச பாண்டவர்' என்றழைத்தனர். கிழக்கு வங்கத்தார்க்கென எழுந்த அக்கழகத்தின் அந்த ஐவரும் தெற்கிலிருந்து சென்றவர்கள்.