மீளும் விண்கலமும் மீள ஆயத்தஞ் செய்யும் கரங்களும்

மட்டக்களப்பு வாவி சென்று கலக்கும் வங்கக் கடலுக்கு விண்வெளி வரலாற்றிலும் ஓரிடம் உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ஏவப்படும் ரொக்கெட்டுகள், இலங்கைத் தரைக்கு மேலாகச் செல்வதைத் தவிர்க்கும்பொருட்டுத் தென்கிழக்கே விலகிச் சென்று, பின்னரே தெற்கு நோக்கித் திரும்புகின்றன. அவ்வாறு ஏவப்பட்டுப் பன்னிரண்டு நாட்கள் புவியைச் சுற்றிய இந்தியாவின் முதலாவது மீட்புக் கலம், 2007 சனவரி 22இல் இக்கடலிலேயே இறங்கியது. ஆதலின், விண்கலம் சென்று மீள்வது பற்றிய ஆய்வு நமக்கு அயலானதன்று.

சென்று மீண்ட கலத்தை மறுபயணத்துக்கு ஆயத்தஞ் செய்வது எத்தகைய தொழில் என்பதே இக்கட்டுரையின் வினா. வாவியிலே தொழில் செய்வோர் தோணியைக் கரையேற்றி, அடியைச் சுரண்டி, பொருத்துகளைத் தடவிப் பார்த்து, கசிவிருப்பின் அடைத்த பின்னரே மீண்டும் நீரில் இறக்குவர். கலம் பட்ட பாட்டுக்கு அதன் உடலே சாட்சி. அச்சாட்சியத்தைப் படித்தறிவதே ஆயத்தம்.

அமெரிக்க விண்ணோடத் திட்டம் 1972 சனவரி 5இல் அறிவிக்கப்பட்டபோது, இரு வாரங்களுள் ஒரே ஓடம் மீண்டும் பறக்கும் எனவும் அதனாற் செலவு பெரிதுங் குறையும் எனவும் கணிக்கப்பட்டது. 1981 ஏப்ரல் 12இல் கொலம்பியா முதன்முறை பறந்ததன் பின்னர் உண்மை வேறாயிற்று. 20,000க்கும் மேற்பட்ட வெப்பத் தடுப்பு ஓடுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும்; இயந்திரங்களைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். மிக விரைவான மறுபயணத்துக்கே 54 நாட்கள் தேவைப்பட்டன. 1985இல் நிகழ்ந்த ஒன்பது பயணங்களே ஓராண்டின் உச்ச அளவாக அமைந்தன. கணக்கேட்டிலே சிக்கனமாகத் தோன்றியது, தொழிலாளரின் கரங்களிலே பெரும் உழைப்பாக வந்து சேர்ந்தது.

அவ்வுழைப்பு கண்டு கூறியவற்றுக்குச் செவிசாய்க்கப்பட்டதா என்பதே அடுத்த வினா. கடலிலிருந்து மீட்கப்பட்ட ஊக்கி ரொக்கெட்டுகளின் மூட்டுகளில் இறப்பர் வளையங்கள் அரிக்கப்பட்டிருந்தமை 1981ஆம் ஆண்டிலேயே காணப்பட்டது. 1986 சனவரி 27 இரவு, கடுங்குளிரில் ஏவுதல் ஆகாது என உற்பத்தி நிறுவனத்தின் பொறியியலாளர் வாதிட்டனர். நிருவாகம் அதனை மேவி முடிவெடுத்தது. மறுநாள் சலஞ்சர் சிதறி எழுவர் மாண்டனர். எரிபொருட் தாங்கியின் நுரைக் காப்பு உதிர்ந்து ஓடத்திற் படுவதும் முன்னைய பயணங்களில் அறியப்பட்டு, வழமையான நிகழ்வெனக் கொள்ளப்பட்டிருந்தது. 2003 பெப்ரவரி 1இல் கொலம்பியா அழிந்து, கல்பனா சாவ்லா உட்பட எழுவர் மறைந்தனர். ஈரிடத்தும் மீண்டு வந்த கலங்கள் சாட்சியம் கூறின. கால அட்டவணை அதனினும் உரத்துப் பேசிற்று.

இவ்வரலாற்றுக்கு மாறானதொரு நிகழ்ச்சி 2025இல் இடம்பெற்றது. இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா செல்லவிருந்த டிராகன் கலம் புதியது. ஆயின், அதனை ஏந்திச் செல்லும் பல்கன் ரொக்கெட்டின் கீழ்நிலை ஏற்கனவே ஒருமுறை பறந்து மீண்டதாகும். பறப்புக்கு முந்திய சோதனையில் அதிலே திரவ ஒட்சிசன் கசிவது தெரியவந்தது. முன்னைய பயணத்திலேயே காணப்பட்ட அக்குறை, மீளாயத்தத்தின்போது முற்றாகத் திருத்தப்படவில்லை என அந்நிறுவனமே கூறியது. கசிவைத் திருத்திச் சோதித்த பின்னரே ஏவுதல் வேண்டும் என்பதில், குமரி மாவட்டத்தைச் சேர்ந்த வி. நாராயணன் தலைமையிலான இந்தியக் குழு உறுதியாக நின்றது. யூன் 11இல் நிகழவிருந்த பயணம் ஒத்திவைக்கப்பட்டது. விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியிலிருந்த கசிவு குறித்த ஆய்வும் தாமதத்தை நீடித்தது. யூன் 25இல் புறப்பட்ட நால்வரும் யூலை 15இல் நலமே மீண்டனர்.

இந்தியாவின் சொந்த முயற்சிகளையும் இவ்வடிப்படையிலேயே மதிப்பிடுதல் தகும். 2024 மார்ச்சில் சித்ரதுர்காவில் தரையிறங்கிய சிறகுக் கலத்தின் உடல், அதே ஆண்டு யூன் 23இல் மீண்டும் பயன்படுத்தப்பட்டது. ககன்யான் திட்டத்தின் மீட்புச் சோதனை 2023 ஒக்டோபர் 21இல் ஏவுதலுக்கு ஐந்து விநாடி இருக்கையில் கணினியால் நிறுத்தப்பட்டு, காரணம் அறியப்பட்ட பின்னரே நடத்தப்பட்டது. அன்று கணினி நிறுத்திற்று. ஆளேறும் நாளில் மனிதர் நிறுத்தவேண்டியும் நேரலாம்.

எனவே, மீள்பயன்பாட்டின் வெற்றியை மிச்சப்பட்ட பணத்தைக் கொண்டு மட்டும் அளத்தல் சாலாது. பொருத்தைத் தடவிப் பார்ப்பவன் “இன்று வேண்டாம்” எனக் கூறும் உரிமையும், அச்சொல்லுக்கு மேலிடம் கட்டுப்படும் ஒழுங்கும் உளவா என்பதே உண்மையான அளவுகோலாகும்.