ராத்திரி பூரா போட்டும் ஏறாத சார்ஜ்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலைக்கு நடுவில் படிக்காமல், இரவு சாப்பிட்டு முடித்து உட்காரும்போது படியுங்கள். வரலாறும் உண்டு, கணக்கும் உண்டு. கடைசியில் என் தப்பு ஒன்றும் உண்டு.

போன மாதம் பேத்தி சேலத்திலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். டேப்லெட்டைக் கொண்டு வந்தவள் அதன் சார்ஜரை மறந்துவிட்டாள். என்னிடம் இருக்கும் பழைய லேப்டாப்பின் யூ.எஸ்.பி. போர்ட்டில் ஒயரைச் செருகிவிட்டுப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். செருகும்போது 41 சதவீதம். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 38. சார்ஜ் ஏறும் அடையாளம் திரையில் இருக்கிறது, எண்ணோ இறங்குகிறது. "என்னங்க தாத்தா, சார்ஜ் போட்டா குறையுது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். அப்போது அதைக் கேள்வியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பழைய கதை.

மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934இல். அங்கே நீர்மின் உற்பத்தி தொடங்கியது 1937இல். ஆனால் நம் பக்கத்துக் கிராம வீடுகளுக்குள் கரண்ட் நுழையப் பல காலம் ஆயிற்று. என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பல்பு. சுவரில் பிளக் பாயின்ட் எல்லாம் கிடையாது. மாமா ஒரு ரேடியோ வாங்கி வந்தபோது பல்பைக் கழற்றி, அந்த ஹோல்டரில் பின் மாட்டி ரேடியோவைப் பாட வைத்தார். ரேடியோ பாடினால் வீடு இருட்டு. வெளிச்சம் வேண்டுமென்றால் பாட்டு கிடையாது.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவிலும் ஆரம்பத்தில் வீட்டுக்கு மின்சாரம் போனது விளக்குக்காகத்தான். மற்ற சாமான்களையெல்லாம் விளக்கு ஹோல்டரிலேயே மாட்டினார்கள். ஹார்வி ஹப்பெல் என்பவர் அதற்கென்றே கழற்றி மாட்டும் பிளக் ஒன்றுக்கு 1904இல் காப்புரிமை வாங்கினார். நம் லாரிக்காரர்களுக்கு இன்னொரு உதாரணம் தெரியும். வண்டியில் சிகரெட் பற்றவைக்க வைத்த ஓட்டை இன்று செல்போன் சார்ஜ் போடும் இடம். நாமக்கல்லில் இருந்து கிளம்பும் லாரியில் அதில் சிகரெட் பற்றவைக்கிறவர் யார்? ஒரு வேலைக்கு வைத்த வாயில் இன்னொரு வேலைக்கு மின்சாரம் எடுப்பது மனிதனுக்குப் பழகிப்போன புத்தி.

அதே மாமா அடுத்த வருடம் இஸ்திரிப் பெட்டியை அந்த ஹோல்டரில் மாட்டினார். சற்று நேரத்தில் ஒயர் கருகி நாற்றம் அடித்தது. ரேடியோ கேட்டது கொஞ்சம், இஸ்திரிப் பெட்டி கேட்டது நிறைய. வாய் ஒன்றுதான், ஆனால் அது தாங்கும் அளவு ஒன்று உண்டு. பிற்பாடு வீடுகளில் 5 ஆம்பியருக்குச் சின்ன பிளக், 15 ஆம்பியருக்குப் பெரிய பிளக் என்று வந்ததன் காரணம் இதுதான். பெரிய பின் சின்ன ஓட்டையில் நுழையாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்த ஓட்டையே பாடம் சொல்லிவிடும்.

இப்போது யூ.எஸ்.பி.க்கு வருவோம். முன்பெல்லாம் கம்ப்யூட்டருக்குப் பின்னால் கீபோர்டுக்கு ஒரு மாதிரி ஓட்டை, பிரிண்டருக்கு வேறு மாதிரி, மோடத்துக்கு இன்னொரு மாதிரி. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க இன்டெல், மைக்ரோசாப்ட், ஐபிஎம் உள்ளிட்ட ஏழு கம்பெனிகள் சேர்ந்து உழைத்து 1996 ஜனவரியில் யூ.எஸ்.பி.யின் முதல் விதிமுறையை வெளியிட்டன. அதில் முக்கியப் பங்கு வகித்தவர் வதோதராவில் படித்த அஜய் பட் என்ற நம் நாட்டுக்காரர்.

அதன் முதல் வேலை தகவலைக் கொண்டுபோவது. கீபோர்டுக்கும் மவுஸுக்கும் தனி அடாப்டர் வேண்டாமே என்று கூடவே கொஞ்சம் மின்சாரமும் கொடுத்தார்கள். 5 வோல்ட். எது செருகினாலும் முதலில் 100 மில்லி ஆம்பியர்தான். செருகிய கருவி, 'நான் இன்னார், எனக்கு இவ்வளவு வேண்டும்' என்று கம்ப்யூட்டரிடம் சொல்லி அனுமதி வாங்கினால் 500 மில்லி ஆம்பியர் வரை. ரேஷன் கடையில் கார்டைக் காட்டினால்தான் அரிசி என்பது போல. கார்டு காட்டினாலும் அளவுக்கு மேல் கிடையாது. 500 மில்லி ஆம்பியர் என்றால் அரை ஆம்பியர். 5 வோல்ட்டை அரை ஆம்பியரால் பெருக்கினால் இரண்டரை வாட். மவுஸுக்கு அது தாராளம்.

அந்த இரண்டரை வாட்டை நம் ஊர் எப்போது கண்டுகொண்டது? என் கணக்கில் 2012. தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. பிளஸ் டூ பிள்ளைகள் வழியாக விவசாயி வீட்டுக்கும் தறிக்காரர் வீட்டுக்கும் லாரி டிரைவர் வீட்டுக்கும் லேப்டாப் வந்தது. அதே காலத்தில்தான் அந்தக் கொடுமையான மின்வெட்டும். சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் தறிகள் நின்று கிடந்தன. மோட்டார் ஓடவில்லை. உங்களில் பலர் அந்த வருடம் அரிக்கேன் விளக்கில் படித்துத் தேர்வு எழுதியவர்கள்.

அந்த இரவுகளில் லேப்டாப்தான் வீட்டின் கரண்ட் டப்பா. கரண்ட் இருக்கும்போது அதை நிரப்பிக்கொள்வார்கள். போனபின் அதன் யூ.எஸ்.பி.யில் அப்பாவின் பட்டன் போன், அக்காவின் பட்டன் போன் என்று வரிசையாகச் சார்ஜ் போடுவார்கள். பட்டன் போனின் பேட்டரி சுமார் 1000 மில்லி ஆம்பியர் மணி. அரை ஆம்பியரில் போட்டால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் நிறைந்துவிடும். எந்தக் குறையும் இல்லை. 'லேப்டாப்பில் செருகினால் சார்ஜ் ஏறும்' என்ற நம்பிக்கை வீட்டுக்கு வீடு வேரூன்றியது அப்போதுதான்.

நம்பிக்கை தப்பில்லை. கருவிதான் மாறிவிட்டது. டேப்லெட் என்பது ரேடியோ போய் இஸ்திரிப் பெட்டி வந்த கதை. 2010இல் ஐபேட் வந்தபோதே அதனுடன் கொடுத்த சார்ஜர் 10 வாட். அதைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் செருகினால் பல நேரம் 'சார்ஜ் ஆகவில்லை' என்றே திரையில் காட்டும்.

கரும்பலகையில் போடுவது போல ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஒரு டேப்லெட்டின் பேட்டரி 5000 மில்லி ஆம்பியர் மணி, 3.7 வோல்ட் என்று வையுங்கள். பெருக்கினால் பதினெட்டரை வாட் மணி. 10 வாட் சார்ஜரில் போட்டால் கணக்குப்படி இரண்டு மணி நேரத்துக்குக் கீழே, வீணாவதையும் சேர்த்தால் மூன்று மணி நேரம் போல ஆகும். இரண்டரை வாட் யூ.எஸ்.பி.யில் போட்டால் கணக்குப்படியே ஏழரை மணி நேரம், நடப்பில் ஒன்பது மணி நேரம். அதுவும் டேப்லெட்டைத் தொடாமல் வைத்தால்தான். திரை எரிந்து, வீடியோ ஓடி, நெட்டும் ஓடினால் அந்தச் செலவே இரண்டரை வாட்டைத் தாண்டிவிடக்கூடும். தொட்டியில் விழும் தண்ணீரைவிட அடிக்குழாயில் போகும் தண்ணீர் அதிகம். பேத்தியின் 41 ஏன் 38 ஆனது என்று இப்போது புரியும்.

இன்னொன்றும் உண்டு. பல லேப்டாப்களில் மூடியை மூடினால் அது தூங்கிவிடும், யூ.எஸ்.பி.க்குப் போகும் மின்சாரமும் நின்றுவிடும். இரவு முழுக்க ஒயர் செருகியே இருக்கும், உள்ளே ஒன்றும் ஏறியிருக்காது.

இதையெல்லாம் எனக்குக் கண்ணால் காட்டியவர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நம் பழைய மாணவர்தான். கட்டைவிரல் அளவு மீட்டர் ஒன்றை நடுவில் செருகினார். லேப்டாப்பில் 0.47 ஆம்பியர். அதே டேப்லெட்டைச் சுவர் சார்ஜரில் போட்டதும் 1.9. "ஓட்டை ஒரே மாதிரிதானே இருக்கு?" என்றேன். "அதுதாங்க சார் வம்பே" என்றார்.

யோசித்துப் பார்த்தால் வம்பு அதுதான். சுவர் பிளக்கில் ஓட்டையின் அளவைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். யூ.எஸ்.பி.யில் வாய் ஒன்று, தெம்பு வேறு வேறு. 2007இல் சார்ஜ் போடுவதற்கென்று தனி விதிமுறை எழுதினார்கள். அதன்படி சுவர் சார்ஜரில் தகவல் போகும் இரண்டு கம்பிகளையும் ஒன்றாக இணைத்துவிடுவார்கள். கருவி அதைத் தெரிந்துகொண்டு, 'இது கம்ப்யூட்டர் இல்லை, தாராளமாக இழுக்கலாம்' என்று கூடுதலாக எடுத்துக்கொள்ளும். 2008இல் வந்த யூ.எஸ்.பி. 3.0இல் அளவு 900 மில்லி ஆம்பியர் ஆயிற்று. பெரும்பாலும் உள்ளே நீல நிறமாக இருப்பது அது. 2014இல் டைப்-சி வந்தது. இன்று அதன் வழியே லேப்டாப்புக்கே சார்ஜ் போடுகிறோம். ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்கும் போனுக்கும் டேப்லெட்டுக்கும் டைப்-சி கட்டாயம். ஆனால் பழைய லேப்டாப்பின் போர்ட் பழைய ரேஷன் அளவைத்தான் கொடுக்கும்.

இனி என் தப்பு.

2020. கொரோனாவால் பள்ளி மூடிக் கிடந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் மூன்று நாள் இரவு ஏழு மணிக்கு நான் போனில் வீடியோ வகுப்பு எடுத்தேன். ஒரு பெண் பிள்ளை. அப்பா லாரி டிரைவர். அவர் வெளியூரில் வாங்கி வந்த பழைய டேப்லெட்டில் வகுப்புக்கு வருவாள். இருபது நிமிடத்தில் காணாமல் போய்விடுவாள். கேட்டால், "சார்ஜ் தீந்துருச்சுங்க சார்" என்பாள். நாலைந்து தடவை நடந்தது. ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருக்கும்போது விசாரித்தேன். "ராத்திரி பூரா அண்ணன் லேப்டாப்புல போட்டுத்தான் வெச்சிருந்தேனுங்க சார், ஏறவே இல்லைங்க" என்றாள்.

நான் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "மறந்துட்டேன்னு சொல்லு, ஒத்துக்கறேன். இப்படிக் கதை விடாதே." மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நான் தடுக்கவில்லை. அடுத்த வகுப்பிலிருந்து அவள் வரவில்லை. 2021 நவம்பரில் எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறந்தபோது அவள் ஒன்பதுக்கு வேறு பள்ளி போய்விட்டாள். அடுத்த வருடம் நானும் ஓய்வு பெற்றேன்.

மீட்டரில் 0.47 என்று பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பட்டயப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், பிள்ளை சொல்வதை முழுதாகக் கேள் என்பது. 'சார்ஜர் எங்கே? லேப்டாப் மூடி இருந்ததா?' என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தால் போதும். அறிவியல் பாடமும் நான்தான் எடுத்தேன். ஆம்பியர், வோல்ட், வாட் எல்லாம் நான் போட்ட கணக்குகள்தான்.

அவள் அண்ணனிடம் நம்பர் வாங்கிப் போன வாரம் பேசினேன். இப்போது காலேஜில் படிக்கிறாள். நடந்ததைச் சொல்லி, "நீ சொன்னது நெசம்தான் சாமி, நான்தான் தப்பா பேசிட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள்: "சார்ஜரை அப்பா வண்டிக்கு எடுத்துட்டுப் போயிருவாருங்க சார். மூடி வெச்சா ஏறாதுன்னு ஒரு மாசம் கழிச்சு நானே கண்டுபுடிச்சேனுங்க."

"அப்பவே எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நம்புவீங்களான்னு தெரியலீங்க சார்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவளிடம் கேட்டுக்கொண்டுதான், பெயர் போடாமல் இதை எழுதுகிறேன். அன்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதனால் இதையும் எல்லோர் முன்னாலும் சொல்லவேண்டும். அன்று அந்த வகுப்பில் இருந்து சிரித்த பிள்ளைகள் சிலரும் இதைப் படிப்பீர்கள். அவள் பொய் சொல்லவில்லை.

உங்களில் பதினைந்து பேருக்கு மேல் இன்று ஆசிரியர்கள். வீட்டில் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் அதைவிட அதிகம். டேப்லெட்டை அதற்குரிய சார்ஜரில் போடுங்கள். லேப்டாப்தான் கதி என்றால் மூடியைத் திறந்து, லேப்டாப்பையும் கரண்ட்டில் வைத்து, டேப்லெட்டை அணைத்துவிட்டுப் போடுங்கள், மெதுவாக ஏறும். பிள்ளை ஏறவில்லை என்று சொன்னால், முதலில் போய் ஒயரைப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய ஆசிரியர்