ஷூ லேஸ் ஏன் அவிழுது? ஒரு முடிச்சோட கதை

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல உசைன் போல்ட் 100 மீட்டரை 9.69 விநாடியில ஓடி உலக சாதனை பண்ணினாரு. அந்த ஓட்டத்துல அவரோட ஒரு ஷூ லேஸ் அவிழ்ந்து கிடந்தது. அவரு விழலை. நமக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்கும்னு சொல்ல முடியாது. ரோட்டுல ஓடறப்ப லேஸை மிதிச்சா முட்டிதான் போகும்.

லேஸ் புதுசு இல்ல. ஆர்மீனியாவுல ஆரெனி குகையில 2008-ல கிடைச்ச தோல் ஷூவுக்கு வயசு சுமார் 5,500 வருஷம். அதுலயே ஓட்டை போட்டு, தோல் வாரைக் கோத்து இறுக்கியிருக்காங்க.

நல்ல முடிச்சும் புதுசு இல்ல. முதல் சுத்துல வலது முனை மேல வந்தா, ரெண்டாவது சுத்துல இடது முனை மேல வரணும். பழைய கிரேக்கர்கள் இதை ஹெர்குலிஸ் முடிச்சுன்னு சொன்னாங்க. இதால கட்டின காயம் சீக்கிரம் ஆறும்னு கி.பி. முதல் நூற்றாண்டுல ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினாரு. ரெண்டு சுத்தையும் ஒரே பக்கமா போட்டா? பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனா வழுக்கிடும்.

எந்த வேலைக்கு எந்த முடிச்சுங்கறது நெசவாளிகளுக்கு அத்துப்படி. நம்ம பவானியையே எடுத்துக்கோங்க. 19-ஆம் நூற்றாண்டு கடைசியில, பிரிட்டிஷ் துணியோட போட்டி போட முடியாம, இங்க இருந்த ஜங்கமர் நெசவாளர்கள் தடித்த கலர் நூல்ல ஜமக்காளம் நெய்ய ஆரம்பிச்சாங்க. 2005-06-ல அதுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. கைத்தறியில பாவு நூல் அறுந்தா முடிச்சு போட்டுத்தான் சேர்க்கணும். முடிச்சு பெருசா இருந்தா விழுதுல சிக்கும், லூஸா இருந்தா நழுவும். இதுக்குன்னே 'நெசவாளர் முடிச்சு'ன்னு ஒண்ணு உலகம் முழுக்க உண்டு. கப்பல்காரங்க கயித்தோட கயிறு சேர்க்கறதும் இதே வடிவத்துலதான். நூலைச் சேர்க்க ஒரு முடிச்சு, கட்டி இறுக்க வேற முடிச்சு. ஷூவுக்கு வேண்டியது ரெண்டாவது.

தப்பான முடிச்சு ஓடறப்ப ஏன் அவிழுது? 2017-ல கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ட்ரெட்மில்ல ஓடறவங்க ஷூவை ஸ்லோ மோஷன்ல படம் பிடிச்சாங்க. கால் தரையில மோதற விசை புவியீர்ப்பு விசையைப் போல சுமார் 7 மடங்கு. அந்த அடியில முடிச்சு கொஞ்சம் தளரும். கால் வீசறப்ப தொங்கற முனைகள் சாட்டை மாதிரி ஆடி, லேஸை வெளிய இழுக்கும். நழுவ ஆரம்பிச்சிட்டா ரெண்டு எட்டுலயே மொத்தமும் அவிழ்ந்துடலாம்.

ஆக, இன்னும் இறுக்கிக் கட்டறது தீர்வு இல்ல. உங்க ஷூவைக் குனிஞ்சு பாருங்க. ரெண்டு காதும் ஷூவுக்குக் குறுக்கா, இடமும் வலமுமா படுத்திருந்தா சரியான முடிச்சு. விரல் பக்கமும் குதிகால் பக்கமும் திரும்பி நின்னா தப்பு. மாத்தறது சுலபம்: காது போடறதை வழக்கம்போல போடுங்க. அதுக்கு முந்தின முதல் சுத்தை மட்டும் எதிர்ப்பக்கமா சுத்துங்க. ஒரு வாரம் கை தடுமாறும், அப்புறம் பழகிடும்.