பெயரும் பட்டமும்

செக்ரோல் எனப்படும் பெயர்ப் பதிவேட்டோடு பன்னீராண்டு உழன்றவராகலின், மக்கட்பெயர்களைப் பற்றி இரண்டொரு செய்தி கூற நமக்கும் உரிமை உண்டெனக் கருதுகின்றோம்.

நம் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற மூதாட்டியார் ஒருவருக்குச் சேர வேண்டிய பணம் எட்டுத் திங்கள் தடைப்பட்டுக் கிடந்தது. அவருடைய அடையாள அட்டையில் தந்தை பெயர் கந்தன். பழைய பதிவேட்டிலோ ஓரெழுத்து மிகுந்து காந்தன் ஆகியிருந்தது. இதுவே தடை. ஆங்கில நெடுங்கணக்கில் நம் குறில் நெடிலுக்குத் தனித்தனி எழுத்தில்லை; ழகர ளகர வேறுபாடும் இல்லை. எக்காலத்துக் கிராணியாரோ காதிற் பட்டவாறு எழுதிவிட்டுப் போனார். "எங்கப்பன் பேரு எனக்குத் தெரியாதுங்களா, கிராணியாரே?" என்று அம்மையார் வினவியபொழுது நம் தொழிலை எண்ணி நாம் வெட்கினோம்.

தந்தை பெயரை ஒட்டித் தன் பெயரை வழங்குதல் நமக்கு நேற்று வந்த வழக்கமன்று. கரூரை அடுத்த புகளூர்க் குன்றில், ஏறக்குறைய 1800 ஆண்டுகட்கு முன் வெட்டப்பட்ட கல்வெட்டொன்று, சேரர் குடியினர் மூன்று தலைமுறையினரை 'மகன்' என்னும் ஒரே சொல்லால் கோத்துக் காட்டுகின்றது. சங்கப் புலவர் ஒருவருக்கு மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று பெயர். ஊர், தந்தையின் தொழில், உறவு, இயற்பெயர் ஆகிய நான்கும் அதில் அடங்கிவிட்டன. நம் தோட்டத்து அஞ்சற்காரருக்கு இத்தகைய மேல்விலாசம் கிடைத்தால் எவ்வளவு மகிழ்வார்! மகன் பெயரால் தந்தையைச் சுட்டுதலும் உண்டு. ஆதன் தந்தை என்பது ஆந்தை என மருவும் விதியைத் தொல்காப்பியம் கூறுகின்றது. பிசிர் என்னும் ஊரினராகிய ஆந்தையாரே பிசிராந்தையார். தமிழகத்திற்கு வடக்கே ஆண்ட சாதவாகன வேந்தன் ஒருவன், தாயாகிய கௌதமியின் பெயரைத் தாங்கிக் கௌதமிபுத்திர சாதகர்ணி என வழங்கப்பெற்றான். தாய் பெயரைச் சொல்ல நாணுவோர் இதனைச் சற்றே நோக்குக.

இந்நாட்டு அடையாள அட்டையில் நம்மவர் பெயர்களுக்கிடையே நிற்கும் 'அனாக் லெலாக்கி' என்பதற்கு ஆண்பிள்ளை என்றும், 'அனாக் பெரம்புவான்' என்பதற்குப் பெண்பிள்ளை என்றும் பொருள். மொழி மலாய், முறையோ நக்கீரனார் காலத்தது. அதனைக் குறையாகக் கொள்ளும் படித்த இளைஞரை நாம் கண்டிருக்கின்றோம். காரணம்தான் நமக்கு விளங்கவில்லை.

இனி, பெயர்க்குப் பின்னே ஒட்டிய பட்டங்களின் கதை வேறு. சோழர் கல்வெட்டுகளில் மூவேந்தவேளான் என்பது அரசன் தன் அதிகாரிக்கு அளித்த சிறப்பு. முதலி என்றால் முதல்வன்; நாயக்கன் என்றால் தலைவன், விசயநகரத்தார் காலத்தில் படைத்தலைவன். ஒருவன் செய்த பணிக்குக் கிடைத்த சொல், அப்பணியைக் கனவிலும் கண்டிராத பேரனுக்கும் கொள்ளுப் பேரனுக்கும் பிறப்புரிமையாயிற்று. பிறகு இன்னாரோடு உண்ணலாம், இன்னாரோடு உண்ணலாகாது எனப் பிரித்துக் காட்டும் அடையாளமுமாயிற்று. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு இப்பட்டங்களை விட்டொழிக்குமாறு தீர்மானித்தது. தம் பட்டத்தைத் தாமே விடுத்த ஈ. வெ. ராமசாமி அவர்கள் அவ்வாண்டு டிசம்பரில் மலாயாவுக்கும் வந்தார்.

நாம் ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற காலத்தில், குடும்பப் பெயர் உடையவரே நாகரிகர் என்றதோர் எண்ணம் நமக்கும் இருந்தது. ஆங்கிலேயரின் வரலாற்றைப் படித்த பின்னரே அது தெளிந்தது. 1066-இல் நார்மானியர் அந்நாட்டைக் கைப்பற்றிய பின், சில நூற்றாண்டுகளில் சிறிது சிறிதாக நிலைத்தவையே அவர்தம் குடும்பப் பெயர்கள். ஸ்மித் என்றால் கொல்லன்; ஜான்சன் என்றால் ஜானின் மகன். இன்றைய ஜான்சனின் தந்தை பீட்டராக இருக்கலாம். ஸ்மித் உலைக்களத்தையே பாராதவராக இருக்கலாம். ஐஸ்லாந்து மக்களோ இன்றளவும் பெரும்பாலும் நம்மைப் போலவே, தந்தையின் இயற்பெயரோடு மகன் அல்லது மகள் என்னும் சொல்லைச் சேர்த்து வழங்குகின்றனர். அவர்களை நாகரிகமற்றவர் என்பார் யார்?

ஆயினும் வெளிநாட்டு விண்ணப்பத்தாள்களில் குடும்பப் பெயருக்கென ஒரு கட்டம் இருக்கின்றது. அது நம்மவரைப் படுத்தும் பாடு பெரிது. தந்தை பெயரை அதில் எழுதினால், மகளைத் தந்தையின் பெயரால் அழைக்கின்றனர். வெறுமையாக விட்டால், தாள் திரும்பி வருகின்றது. சென்ற மாதம் இளைஞர் ஒருவர் அத்தகைய தாளொன்றைக் கொணர்ந்து, "ஐயா, எங்க தாத்தாவோட பட்டத்தை இதுல போட்டுக்கலாமா?" என்று கேட்டார். அப்பட்டம் அவருடைய பிறப்புப் பத்திரத்திலும் இல்லை. அவர் தந்தையின் அட்டையிலும் இல்லை. தந்தையின் பெயர் யாதென வினவி, அதனையே ஓரெழுத்தும் பிறழாமல் எழுதிக் கொடுத்தோம்.