‘பாமிர்’ கப்பலின் கடைசிப் பயணம்

புயலில் சிக்கிய மரக்கலம் திரும்பவில்லை என்ற செய்தி கடலோர ஊர்களில் பிறந்த நமக்குப் புதிதன்று. எனினும் நீராவிக் கப்பல்கள் கடலை ஆண்ட காலத்திலும் ஒரு பெரும் பாய்மரக் கப்பல் 80 உயிர்களுடன் மூழ்கிய வரலாற்றை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1905ஆம் ஆண்டு கட்டப்பட்ட ‘பாமிர்’, நான்கு பாய்மரங்கள் கொண்ட எஃகுக் கப்பலாகும். 1949இல் சரக்குடன் ஹார்ன் முனையைச் சுற்றி வந்த கடைசி வணிகப் பாய்மரக் கப்பல் என்ற பெயரும் இதற்கு உண்டு. பின்னர் சரக்கு ஏற்றிச் செல்வதோடு, கடற்பணிக்கு இளைஞர்களைப் பழக்கும் பயிற்சிக் கப்பலாகவும் இயங்கியது.

1957 ஆகஸ்டில் 3,780 டன் பார்லியுடன் புவனஸ் அயர்ஸிலிருந்து ஹாம்பர்க் நோக்கிப் புறப்பட்டது. கப்பலில் இருந்தோர் 86 பேர். அவர்களுள் 52 பேர் பயிற்சி மாணவர்கள். வழக்கமான கப்பல் தலைவர் உடல்நலக் குறைவால் வரவில்லை, வேறொருவர் பொறுப்பேற்றிருந்தார்.

கேட்டுக்கு வித்து சரக்கறையிலேயே இருந்தது என்பதே நம் எண்ணம். முன்பு இத்தகைய கப்பல்களில் தானியத்தைச் சாக்குகளில் கட்டி அடுக்குவது வழக்கம். இம்முறையோ பெரும்பகுதி பார்லி தளர்வாகக் கொட்டப்பட்டு, மேலே மட்டும் மூட்டைகள் அடுக்கப்பட்டன. கப்பலை நிலைநிறுத்த நீர் நிரப்பும் தொட்டிகளிலும் பார்லியே நிறைந்திருந்தது. தோணியில் சரக்கேற்றிப் பழகிய நம் முன்னோரைக் கேட்டால், கட்டாத சரக்கு கப்பலுக்குள் இருக்கும் இன்னொரு கடல் என்றே சொல்லியிருப்பர்.

செப்டம்பர் 21 அன்று, அசோர்ஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, ‘கேரி’ சூறாவளி கப்பலைச் சூழ்ந்தது. பாய்கள் கிழிந்தன; கப்பல் ஒருபக்கம் சாய்ந்தது. சாய்ந்த பக்கமே தானியமும் சரிய, சாய்வு மேலும் பெருகியது. அபாயச் செய்திகள் வானொலியில் பறந்தன. சற்று நேரத்தில் கப்பல் கவிழ்ந்து, அடிப்பாகம் மேலாக மிதந்து, பின் மூழ்கியது. பல நாட்டுக் கப்பல்களும் விமானங்களும் நாள்கணக்கில் தேடின. சிதைந்த ஒரு படகிலிருந்து ஐவரை ‘சாக்சன்’ என்னும் அமெரிக்கக் கப்பல் மீட்டது. மறுநாள் வேறொரு படகில் ஒருவர் மட்டும் உயிருடன் இருந்தார். ஏனைய 80 பேரும் கடலோடு போயினர்.

1958இல் லூபெக் நகரில் நடந்த விசாரணை, சரிந்த தானியத்தையும் நீர் விடப்படாத தொட்டிகளையும் முக்கியக் காரணங்களாகக் கண்டது. கப்பலின் உரிமையாளர் தரப்பு இதை ஏற்கவில்லை. ஆனால் அதே 1957 நவம்பரில், ‘பாசாட்’ கப்பலிலும் பார்லி சரிந்தது, அது லிஸ்பன் துறைமுகத்தில் ஒதுங்கித் தப்பியது. இதற்குப் பின்னும் ஐயம் கொள்வது கடினம்.

பாமிரின் சிதைந்த உயிர்காப்புப் படகு ஒன்று லூபெக் நகரின் யாக்கோபு தேவாலயத்தில் நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டுள்ளது.